குடலில் துளை: மூவகை அறுவை மருத்துவம்

பெங்களூருவில் நகரச் சந்தைக்கு அருகே உள்ள விக்டோரியா மருத்துவமனை 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அத்தகைய பெருமருத்துவமனைகளின் அறுவைக் கூடத்து வாயிலில், பழகாத மொழியில் அச்சிட்ட ஒப்புதல் தாளுடன் நம்மவர் திகைத்து நிற்பதுண்டு. “சிறுகுடலில் துளை” என்று மருத்துவர் கூறினால், அடுத்து அவர் செய்யக்கூடியவை யாவை என நாம் அறிந்திருத்தல் நலம்.

நம் நாட்டில் இதற்குரிய முக்கியக் காரணங்களுள் ஒன்று டைபாய்டுக் காய்ச்சல். அசுத்த நீராலும் உணவாலும் புகும் கிருமி, சிறுகுடலின் கடைப்பகுதியிற் புண்ணை உண்டாக்குகிறது. பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டி அப்புண் துளையாகலாம். குடலில் உள்ளவை வயிற்றினுள் கசிந்து சீழ் பிடிக்கும். காசநோயும் விபத்தும் பிற காரணங்கள்.

எம்முறையாயினும் வயிற்றைக் கழுவித் தூய்மை செய்தலும், கிருமிக்கொல்லி மருந்தும் பொதுவானவை. அதன்பின் வழிகள் மூன்று.

முதலாவது, துளையைத் தைத்து மூடுதல். துளை சிறியதாய் ஒன்றே இருந்து, நோயாளியும் விரைந்து வந்திருப்பின் இது போதும். ஆயினும் நைந்த குடலில் தையல் விட்டுக் கசிய இடமுண்டு.

இரண்டாவது, பழுதுற்ற பகுதியை வெட்டி நீக்கி, நல்ல முனைகளை இணைத்தல். துளைகள் அருகருகே பல இருப்பினும், காசநோயால் குடல் குறுகியிருப்பினும் இது ஏற்றது. ஆனால் நேரம் மிகுதியாகும். இணைப்பும் நன்கு ஆறவேண்டும்.

மூன்றாவது, குடலை வயிற்றின் மேற்புறத்தில் வாய்போல் திறந்து வைத்தல். கழிவு, வெளியே பொருத்திய பையிற் சேரும். சீழ் பரவி, உடல் மிகத் தளர்ந்தவர்க்கு உயிர்காப்பது பல வேளைகளில் இதுவே. உடலின் நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறலாம். சுற்றியுள்ள தோலும் புண்படலாம். எனினும் இந்நோயில் அது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடே. உடல் தேறியபின் மற்றோர் அறுவையால் மூடிவிடுவர். இதனை அறியாது, “ஆயுள் முழுதும் இப்படியா?” என அஞ்சி உறவினர் மறுத்துக் காலம் கடத்துவது பெருந்தீங்கு.

இவற்றுள் சிறந்தது எது? நோயாளியின் நிலையே அதனை முடிவு செய்கிறது. அந்நிலையையோ, கடந்துபோன நேரம் முடிவு செய்கிறது. நாட்பட்ட காய்ச்சலின் இடையே திடீரென வயிறு வலித்துக் கல்போல் இறுகினால், பேதி மருந்து கொடுத்தல் ஆகாது; உணவும் வேண்டா. உடனே மருத்துவமனைக்குச் செல்க. வயிற்றில் எங்கே, எப்பொழுது வலி தொடங்கியது என்பதை உள்ளூர் மொழியிற் சொல்லவல்ல ஒருவரையும் உடன் அழைத்துச் செல்க. அச்சொல் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும்.