தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமையார்

உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து வரும் ஞாயிறு, கத்தோலிக்கருக்கு இறை இரக்க ஞாயிறு. 2000 ஏப்ரல் 30 அன்று அருள்சகோதரி பவுஸ்தினாவைப் புனிதராக உயர்த்திய திருப்பலியில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்நாளை அறிவித்தார். 2005இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் இறை இரக்க ஆலயத்தின் பெயருக்குரிய நாளும் இதுவே. அன்றைய நற்செய்தி வாசகத்தின் நாயகர் திருத்தூதர் தோமையார்.

உயிர்த்த இயேசு சீடர்களுக்கு முதலில் தோன்றியபோது தோமையார் அங்கில்லை. ஆணித் தழும்பில் விரலையும் விலாவில் கையையும் இட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு மீண்டும் வந்து, அவர் கேட்டபடியே தொட்டுப் பார்க்க அழைத்தார். உடனே தோமையார் அவரை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அறிக்கையிட்டார்.

மரபுக் கதை இங்கிருந்து தொடர்கிறது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ நூலின்படி, அரண்மனை கட்ட இந்திய மன்னர் கொந்தோபர்ணஸ் கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்குப் பகிர்ந்தார். அரண்மனை விண்ணுலகில் எழுந்தது. கி.பி. 52இல் அவர் முசிறியில் இறங்கியதாகக் கேரள மரபு சொல்கிறது. பிரிக்பீல்ட்ஸில் வழிபடும் சிரியன் கிறிஸ்தவர்களும் இந்த மரபின் வழிவந்தவர்களே. சென்னை மரபில், சின்னமலைக் குகையில் மறைந்திருந்தவர் 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டார். மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். ஈட்டி திறந்த விலாவைத் தொடக் கேட்டவர், தாமும் ஈட்டிக்கே இரையானார்.

தென்னிந்திய வருகைக்கு நேரடிச் சான்றில்லை என்பர் வரலாற்றாசிரியர் சிலர். ஆயினும் கொந்தோபர்ணஸின் நாணயங்கள் கிடைத்துள்ளன, அம்மன்னர் கற்பனையல்லர்.

தொட்டுப் பார்க்கக் கேட்ட தோமையார் கதையின் உயிர்ப்புக்காலப் பொருள் தெளிவானது: கேள்வி நம்பிக்கைக்குப் பகையன்று. இன்று அது மறக்கப்படுவதுதான் கவலை. மறைக்கல்வி வகுப்பில் ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்கார வைத்தால், கேள்வி மறையாது. பிள்ளைதான் ஆலயத்தை விட்டு மறையும். கிள்ளானிலும் ஷா ஆலமிலும் பல சமயத்தாரோடு படித்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நண்பர்களே நாள்தோறும் கேள்வி கேட்கிறார்கள். மனப்பாடம் செய்த விடை அங்கே செல்லாது.

சந்தேகித்தவரைச் சீடர் குழு விலக்கவில்லை. எட்டாம் நாளும் அவர் அவர்களோடுதான் இருந்தார். பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பிள்ளைகளுக்கு அந்த எட்டு நாள் பொறுமையையாவது தர வேண்டும்.