காலை எட்டரைக்குத் தொடங்கும் நாள்

கருவிகள் வாழும் வீடு – 9

மழை பெய்த மறுநாள் சேலம் பதிப்பு நாளிதழ்களில் ஊர்வாரியாக மழையளவு வரும். ஏற்காடு இத்தனை மில்லிமீட்டர், ஓமலூர் இத்தனை, மேட்டூர் இத்தனை. ஏற்காட்டில் மொட்டைமாடியில் மழைமானி வைத்து, அதை ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் டாஷ்போர்டில் இணைத்திருப்பவர் அந்த எண்ணைத் தன் கிராஃபோடு ஒப்பிட்டால் பல நாள் ஒத்துப்போகாது. மானி மட்டம் தவறிவிட்டதா, பூச்சி ஏதாவது கூடு கட்டிவிட்டதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார். மானியில் ஒரு கோளாறும் இருக்காது. நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு மழைக் கணக்கு நாள் என்பது காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. ஹோம் அசிஸ்டன்ட் நள்ளிரவில் நாளை முடித்துவிடுகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கோடை மழை வெயில் சாய்ந்த பிறகு இடியோடு இறங்கும்; சில நாள் நள்ளிரவு தாண்டியும் விடாது. அந்த ஒரே மழையை நம் டாஷ்போர்டு இரண்டு கம்பங்களாக வெட்டிப் போடுகிறது. துறையின் பதிவேட்டில் அது முழுதாக மறுநாள் தேதியில் நிற்கிறது.

இதைச் சரிசெய்ய ‘யுட்டிலிட்டி மீட்டர்’ இருக்கிறது. யாம்ல் கோப்பில் தினசரிச் சுழற்சி கொடுத்து, ஆஃப்செட்டாக 8 மணி 30 நிமிடம் எழுதுங்கள். மீட்டர் காலை எட்டரைக்குப் பூஜ்ஜியமாகும். ஆனால் அந்த மீட்டரை அப்படியே தினசரிக் கிராஃபில் போட்டால், வரையும் அட்டை மறுபடி நள்ளிரவில்தான் வெட்டும். மீட்டர் பூஜ்ஜியமாகும்போது முந்தைய சுற்றின் மொத்தத்தை ‘லாஸ்ட் பீரியட்’ என்ற பெயரில் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதை ஒரு டெம்ப்ளேட் சென்சாராக எடுத்து கிராஃபில் போடுங்கள். நாளிதழோடு ஒப்பிடக்கூடிய எண் அப்போதுதான் கிடைக்கும்.

சென்சார்களை எங்கே பொருத்துவது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் அவை எழுதும் வரலாற்றை எப்படி வரைவது என்று பார்க்கிறோம். என் கட்சி இதுதான்: நாம் கேட்கும் கேள்வி எது என்று தெரியாமல் வரைந்த கிராஃப் திரையை அடைக்குமே தவிர, எதற்கும் பதில் சொல்லாது. மென்பொருள் தானாகத் தரும் 24 மணி நேரக் கோடு யாருடைய கேள்வியையும் மனதில் வைத்து வரைந்தது அல்ல.

மழையையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த மலை இது. தோட்டத்துக்காரர்கள் இன்றும் மழையை இஞ்ச், சென்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஓர் இஞ்ச்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் டாஷ்போர்டு அமைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுப் பெரியவர் பின்னால் நின்று பார்த்தார். “தம்பி, மில்லிமீட்டர் எல்லாம் எனக்கு ஓடாது. எத்தனை சென்ட்டுன்னு காட்டச் சொல்லு” என்றார். அவர் கேட்டது நியாயம். அவருடைய பழைய மழை நோட்டு முழுக்க சென்ட் கணக்கில் இருக்கிறது. புதுக் கோடு அந்த நோட்டோடு பேச வேண்டும். சென்சாரின் அமைப்பில் மழைப்பொழிவு என்று வகை கொடுத்திருந்தால், அலகை அங்கேயே இஞ்ச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். கவிழும் வாளி மழைமானிகளில் பல, ஒரு கவிழ்ப்புக்கு 0.254 மில்லிமீட்டர் என்று கணக்கிடுகின்றன. அது சரியாக ஒரு சென்ட்!

காப்பிக்காரருக்கு மழையில் இன்னொரு கேள்வியும் உண்டு. மார்ச், ஏப்ரலில் ஓர் இஞ்ச் அளவுக்கு ஒரே மூச்சில் மழை கிடைத்தால், அராபிகா செடி எட்டுப் பத்து நாளில் பூத்துக் குலுங்கும். தூறிவிட்டு நின்றுபோனால் மொட்டு கெடும். ஆகவே அவருக்கு மாத மொத்தம் பயன்படாது. ஒரு மழை எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு தந்தது என்று தெரிய வேண்டும். இதற்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் கிராஃப் அட்டையை எடுத்து, கம்ப வடிவம், மூன்று நாள், காலம் ‘மணி’, வகை ‘சேஞ்ச்’ என்று வையுங்கள். மணிக்கு ஒரு கம்பம் வரும். வகையை மாற்றாமல் ‘சம்’ என்றே விட்டால் மழைமானியின் மொத்தக் கூட்டல்தான் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து நேற்று எவ்வளவு பெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது ஈரப்பதம். ஏற்காட்டு வீட்டில் இதுதான் பெரிய தலைவலி. அலமாரியில் தோல் பையும் செருப்பும் பூஞ்சணம் பிடிக்கும், கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை இழை ஓடும், டிசம்பரில் களத்தில் காயும் காப்பி மறுபடி ஈரம் இழுக்கும். எல்லோரும் ஈரப்பத சதவீதத்தைக் கோடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு பகலில் இறங்கும், இரவில் ஏறும். பகலில் வீடு உலர்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறை 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். வெயில் ஏறி அறை 24 டிகிரிக்கு வந்தால், ஒரு சொட்டு நீர்கூட வெளியேறாமலேயே சதவீதம் 70 ஆகிவிடும். காற்றில் இருக்கும் நீர் அதேதான். அந்தக் காற்றின் கொள்ளளவுதான் கூடியிருக்கிறது.

ஏமாறாமல் இருக்க, பனிநிலையைக் கோடாகப் போட வேண்டும். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீர் துளியாகப் படியுமோ, அதுவே பனிநிலை. நான் சொன்ன இரண்டு நேரத்திலும் அது 18.3 டிகிரியில்தான் நிற்கும். ‘தெர்மல் கம்ஃபர்ட்’ என்ற கூடுதல் இணைப்பு இதைக் கணக்கிட்டுத் தரும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ஹிஸ்டரி கிராஃப் அட்டை ஒரே அலகு உள்ளவற்றை ஒரே கட்டத்தில் வரையும். டிகிரியும் சதவீதமும் தனித்தனிக் கட்டமாகப் போகும். பனிநிலையும் டிகிரிதான் என்பதால், அறை வெப்பம், வடக்குச் சுவரில் ஒட்டிய சென்சாரின் வெப்பம், பனிநிலை மூன்றும் ஒரே கட்டத்தில் வரும். சுவர்க் கோடு இறங்கிப் பனிநிலைக் கோட்டைத் தொடும் இடத்தில் சுவர் வியர்க்கத் தொடங்குகிறது. எத்தனை மணிக்குச் சன்னலைச் சாத்த வேண்டும், களத்துக் காப்பியை எப்போது குவித்து மூட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

மூடுபனி நாட்களில் விலை குறைந்த சென்சார்களின் ஈரப்பதக் கோடு நூறை ஒட்டி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பனி விலகிய பிறகும் கொஞ்ச நேரம் கூடுதலாகவே காட்டும். நீண்ட ஈரத்தில் ஊறிய சென்சாரின் இயல்பு அது. எஸ்ஹெச்டி 31 வகையில் சிறு ஹீட்டர் உள்ளேயே இருக்கிறது. டிஹெச்டி 22 வகையில் கிடையாது. ஏற்காட்டுக்கு முதலாவதை வாங்குங்கள்.

காற்றழுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சென்சார் 850 ஹெக்டோபாஸ்கலை ஒட்டித்தான் காட்டும். செய்தியில் ஆயிரத்துச் சொச்சம் என்று சொல்வது கடல்மட்டக் கணக்கு. அச்சைத் தானியங்கியாக விட்டால் தினமும் பிற்பகல் நான்கு மணி வாக்கில் கோடு பள்ளத்தில் விழுந்து, புயல் வருவது போலத் தோன்றும். வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது வழக்கம். அட்டையில் கீழெல்லை 835, மேலெல்லை 860 என்று கட்டி வையுங்கள். உண்மையான தாழ்வு வரும்போது அது தனியாகத் தெரியும்.

வெப்பநிலைக்கு ‘மினி கிராஃப் கார்ட்’ பலருக்கும் பிடித்த அட்டை, பார்க்க அழகு. ஆனால் அதன் இயல்பு அமைப்பில் மணிக்கு அரைப் புள்ளி, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. 24 மணி நேரத்துக்கு மொத்தம் 12 புள்ளிதான், அதுவும் சராசரி. விடியற்காலை கால் மணி நேரம் மட்டும் தொட்டுவிட்டுப் போகும் குளிர் அதில் கரைந்துபோகும். ஜனவரியில் நாற்றுமேடை வைத்திருப்பவருக்குச் சராசரி எதற்கு? புள்ளியை மணிக்கு நான்காக உயர்த்தி, கணக்கிடும் முறையைச் சராசரியிலிருந்து ‘மின்’ என்று மாற்றுங்கள். வளைத்து மெழுகும் ‘ஸ்மூத்திங்’ வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. ஹோம் அசிஸ்டன்ட் நுணுக்கமான பதிவை இயல்பாகப் பத்து நாள்தான் வைத்திருக்கும். பிறகு தானே அழித்துவிடும். காப்பிக்கோ பூவிலிருந்து பழம் வரை ஒன்பது மாதக் கணக்கு. நாட்களை 365 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். பத்து விநாடிக்கு ஒருமுறை பேசும் ஒரே ஒரு சென்சார் நாளுக்கு 8,640 பதிவு, ஆண்டுக்கு 31 லட்சத்துக்கு மேல். ராஸ்பெரி பையின் மெமரி கார்டு அதைத் தாங்காது. சென்சாரை நிமிடத்துக்கு ஒருமுறை பேசச் சொல்லுங்கள். நீண்டகால வரலாற்றை மென்பொருளின் ‘லாங் டேர்ம் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ பார்த்துக்கொள்ளும். மணிக்கு ஒரு சராசரி, ஒரு குறைந்தபட்சம், ஒரு அதிகபட்சம் என்று அது எழுதுகிறது. அவை பத்து நாளில் அழிவதில்லை. சென்ற ஆண்டு மார்ச்சையும் இந்த ஆண்டு மார்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுவே போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. சென்சாருக்கு ‘ஸ்டேட் கிளாஸ்’ கொடுத்திருக்க வேண்டும். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ‘மெஷர்மென்ட்’, மழைமானிக்கு ‘டோட்டல் இன்கிரீசிங்’. கடையில் வாங்கிய கருவிகளில் பெரும்பாலும் இது தானாக வந்துவிடும். நாமே எழுதிய டெம்ப்ளேட் சென்சார்களிலும் எம்க்யூடிடி சென்சார்களிலும்தான் விட்டுப்போகிறது. விட்டுப்போனால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இன்றைய கிராஃப் நன்றாகவே ஓடும். ஆண்டு முடிவில் தேடும்போதுதான் ஒன்றுமில்லை என்று தெரியும்; அழிந்த பதிவை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது.

ஆகவே இன்று இரவே டெவலப்பர் டூல்ஸ் திறந்து, உங்கள் சென்சார்களின் பட்டியலில் ஸ்டேட் கிளாஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லாதவற்றுக்கு எழுதிச் சேர்த்துவிடுங்கள். நிறமும் அழகும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

(தொடரும்)