மோட்டார் வண்டியின் கண்ணாடிக் கூரையும் அது பழுதுற்றவழிப் புதுப்பிக்கும் முறையும்

மக்கள் தாம் உறையும் இல்லத்திற்குச் சாளரம் வேண்டுமென விழைந்தவாறே, தாம் ஊர்ந்து செல்லும் வண்டிக்கும் ஒளியும் காற்றும் புகுதற்குரிய வாயில்கள் வேண்டுமென விழைந்தனர். பக்கங்களில் அமைந்த சாளரங்கள் போதாவெனக் கருதிப் பின்னர்க் கூரையையும் திறக்கலாயினர். அமெரிக்க நாட்டின் நாஷ் நிறுவனத்தார் 1937-ஆம் ஆண்டிலேயே தகட்டாலாகிய திறப்புக் கூரையை வண்டியில் அமைத்துத் தந்தனர். நாளடைவில் தகட்டின் இடத்தைக் கண்ணாடி பெற்றது. இக்காலத்து உயர்விலை வண்டிகளில், முன்னிருக்கையின் மேலே தொடங்கிப் பின்னிருக்கை வரை நீண்டு, கூரையின் பெரும்பகுதியைத் தானே ஆகி நிற்கும் அகன்ற கண்ணாடியைக் காண்கின்றோம். இதனைப் 'பனோரமிக் சன்ரூப்' என வழங்குவர்.

இது செல்வர்தம் இன்பப்பொருள். இதனைப்பற்றி ஆராய்தலாற் பயனென்னை எனச் சிலர் வினவக்கூடும். விலையுயர்ந்த வண்டியாயினும் அதனுள் அமர்வார் தலை நம் தலையினும் வன்மையுடையதன்று. அக்கண்ணாடியின் கீழ்க் குழந்தைகள் உறங்குகின்றனர். கூலிக்கு வண்டி செலுத்துவோன் ஒருவன் சாலையை நோக்கியிருக்கின்றான். கூரை திடீரென வெடித்துப் பொடியாயின் அவன் கை நடுங்குதல் இயல்பே. அந்நடுக்கம் எதிரே நடந்து வருவோர்க்கும் கேடாக முடியும். ஆதலின் இக்கண்ணாடியின் இயல்பும், அஃது உடைதற்குரிய காரணங்களும், உடைந்தவழி அதனை மாற்றும் முறையும் ஈண்டு முறையே கூறப் புகுகின்றோம்.

கண்ணாடியின் இயல்பு

வண்டிகளிற் பயிலும் கண்ணாடி இருவகைத்து. ஒன்று பதமேற்றிய கண்ணாடி. மற்றொன்று அடுக்குக் கண்ணாடி. இவ்விரண்டன் வேற்றுமையை அறியாதார்க்கு ஏனைய செய்திகள் விளங்கா.

பதமேற்றிய கண்ணாடியின் தன்மையை அறிதற்கு ஒரு பழைய விளையாட்டுப் பொருள் துணையாகும். உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விடின், அது தவளைக்குஞ்சு போன்ற வடிவில் தலையும் வாலுமாக உறையும். அதன் தலையைச் சுத்தியாற் புடைத்தாலும் உடையாது. வாலின் நுனியைச் சிறிது முறித்தாலோ முழுதும் ஒரு கணத்திற் பொடியாய்ச் சிதறும். ரூபர்ட் இளவரசர் வாயிலாக இங்கிலாந்து அடைந்தமையின் இதற்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. 1661-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தார் இதனை ஆராய்ந்தனர். தண்ணீர்பட்ட புறப்பகுதி முதலில் இறுகுகின்றது. உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்குங்கால் புறத்தைத் தன்பால் இழுக்கின்றது. அதனாற் புறம் நெருக்குண்டும் அகம் இழுப்புண்டும் நிற்கின்றன. நெருக்குண்ட புறத்தைப் பிளத்தல் அரிது. ஆயின் பிளவு அகத்தை ஒருகால் எட்டிவிடின், அடங்கியிருந்த விசையனைத்தும் ஒருங்கே வெளிப்படுகின்றது.

இவ்வுண்மையையே கைத்தொழிலிற் பயன்படுத்துகின்றனர். வேண்டிய அளவில் வெட்டி வளைத்த கண்ணாடியை ஏறக்குறைய 620 பாகை சென்டிகிரேடுக்கு மேற் காய்ச்சி, இருபுறமும் காற்றைப் பீச்சி விரைந்து குளிர்விப்பர். அவ்வாறு பதமேற்றிய கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியினும் நான்கு அல்லது ஐந்து மடங்கு வலிமையுடையதாகும். உடையினும் கூரிய வாள்போன்ற துண்டுகளாகாது, மழுங்கிய சிறு மணிகளாக உதிரும். நெருக்குண்ட புறத்தோல் ஒவ்வொரு பக்கத்தும் கண்ணாடிக் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கேயாம். 5 மில்லிமீட்டர் கனமுள்ள கூரைக் கண்ணாடியில் அது 1 மில்லிமீட்டரே. அதனைக் கடந்து செல்லும் கீறல் யாதாயினும் கண்ணாடி முழுதையும் அழித்துவிடும். இதனாற் பதமேற்றிய கண்ணாடியில் விரிசலுக்கு ஒட்டு வைத்தல் என்பது இல்லை. முழுதும் மாற்றுதலே வழி.

அடுக்குக் கண்ணாடி வேறு இயல்பினது. பிரெஞ்சு நாட்டுப் பெனடிக்டஸ் என்பார் 1903-ஆம் ஆண்டில் தம் ஆய்வுக்கூடத்துக் குடுவையொன்று கீழே வீழ்ந்தும் சிதறாமையைக் கண்டு வியந்தார். அதனுள் முன்னர் உலர்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்டு ஏடு சில்லுகளைப் பற்றி நின்றமையே காரணமென உணர்ந்து, இரு கண்ணாடிகளுக்கிடையே மெல்லேடு வைத்து ஒட்டும் முறையை 1909-ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு செய்தார். இன்று வண்டியின் முன்கண்ணாடிகள் அனைத்தும் இவ்வகையினவே. கூரைக் கண்ணாடியோ சில வண்டிகளில் அடுக்குக் கண்ணாடியாகவும், பலவற்றிற் பதமேற்றியதாகவும் உள்ளது. அடுக்குக் கண்ணாடி உடையினும் தன் சட்டத்தைவிட்டு எளிதில் நீங்காது. வண்டி உருண்டு கவிழுங்கால் உள்ளிருப்பார் வெளியே வீசப்படாமற் காத்தற்கும் இது துணையாவது. கல்பட்டு நேர்ந்த சிறு குழியைப் பிசின் ஊட்டி நிரப்புதலும் இதன்கண் இயலும். தம் வண்டியில் உள்ளது எவ்வகையென அறிய விரும்புவோர் கண்ணாடியின் மூலையிற் பொறித்துள்ள எழுத்துக்களைப் பார்ப்பாராக; 'டெம்பர்டு' எனின் பதமேற்றியது; 'லாமினேட்டட்' எனின் அடுக்குக் கண்ணாடி.

உடைதற்குரிய காரணங்கள்

முதற் காரணம் கல். முன்செல்லும் பாரவண்டியின் சக்கரம் எறிந்த சிறு கல், அந்நேரத்தில் ஒரு புள்ளியளவு வடுவை மட்டும் உண்டாக்கி, பன்னாட் கழித்து வெயிலிலோ குளிரிலோ கண்ணாடி உடைதற்கு வித்தாகும். உடைந்த நாளில் யாதும் படாமையின், தானே வெடித்ததென்று உடையவர் மயங்குவர்.

இரண்டாவது விளிம்பிற் பட்ட ஊறு. கண்ணாடியின் முகம் தாங்கும் அடியை அதன் விளிம்பு தாங்காது. பொருத்துங்கால் இரும்புக் கருவி விளிம்பில் இடித்தாலும், திருகாணியை அளவுக்கு மிஞ்சி முறுக்கினாலும் கேடு விளையும். ஹூண்டாய் நிறுவனத்தார் 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெலாஸ்டர் வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். தொழிற்சாலையிற் பொருத்துங்கால் கூரைக் கண்ணாடி வலிகுன்றியிருக்கக்கூடும் என்பதே அவர் கூறிய காரணம்.

மூன்றாவது வெப்பதட்பம். 1 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி 50 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 0.45 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள எஃகு 0.6 மில்லிமீட்டரும், அலுமினியம் 1.15 மில்லிமீட்டரும் நீளும். ஒன்றோடொன்று பிணைந்த இவை வெவ்வேறளவில் நீளுதலின், இடையிலுள்ள பசை இழுபட்டுக் கொடுத்தல் வேண்டும். கொடாவிடிற் சுமை கண்ணாடியின்மேல் ஏறும். கடுங்குளிரில் முன்புறக் கண்ணாடி உடையக்கூடுமென்று ஔடி நிறுவனத்தார் 2013-ஆம் ஆண்டில் 13,000-க்கு மேற்பட்ட கியூ5 வண்டிகளைத் திரும்ப அழைத்தனர்.

நான்காவது கண்ணாடியினுள்ளே மறைந்துள்ள நிக்கல் சல்பைடு என்னும் நுண்மணி. 379 பாகைக்கு மேல் ஓர் உருவும், கீழ் மற்றோர் உருவும் கொள்வது இதன் இயல்பு. விரைந்து குளிர்விக்குங்கால் உருமாறுதற்கு நேரம் பெறாத அம்மணி, பின்னர்த் திங்கட் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெல்ல மாறி, தன் பருமையில் 2 முதல் 4 விழுக்காடு வரை பெருத்து, கண்ணாடியை உள்ளிருந்தே பிளக்கின்றது. 1961-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பாலன்டைன் என்பார் கட்டடக் கண்ணாடிகளைக்கொண்டு இதனை எடுத்துக் காட்டினர். வண்டிக் கண்ணாடி மெல்லிதாகலின் ஆண்டு இக்காரணம் அருகியே நிகழும்.

இவையெல்லாம் எங்கோ ஓரிடத்து நிகழ்ந்த வியப்புகள் அல்ல. 1995-ஆம் ஆண்டு முதற்கொண்டு கூரைக் கண்ணாடி வெடித்தமை குறித்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்திற்கு வந்த முறையீடுகள் 859 எனக் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் இதழ் 2017-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது.

உடைந்தவுடன் செய்யத்தக்கன

வெடியொலி கேட்டவுடன் தடையை இறுக அழுத்தாது, வேகத்தைத் தணித்து, சாலையோரத்தில் வண்டியை நிறுத்துதல் வேண்டும். கண்ணாடியின் கீழுள்ள திரை மூடியிருப்பின் அதனைத் திறத்தலாகாது. உதிர்ந்த மணிகளைத் தாங்கி நிற்பது அத்திரையே. கூரையை இயக்கும் பொத்தானையும் தொடலாகாது. ஒரு சிறு மணி தண்டவாளத்திற் சிக்கினும், இழுக்கும் வடமும் மோட்டாரும் கெடும். கண்ணாடியோடு போகவேண்டிய செலவு பன்மடங்காகும். நிழற்படம் எடுத்து வைத்துக்கொண்டு காப்புறுதி நிறுவனத்தார்க்கு அறிவித்தலும், மேலே தடித்த ஏடொன்றைப் பரப்பி ஒட்டி, மெல்லச் செலுத்திப் பணிமனை சேர்த்தலும் நன்று.

மாற்றும் முறை

முதலிற் சரியான கண்ணாடியைத் தேர்தல் வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியாயினும் ஆண்டுதோறும் வளைவும், நிறமும், வெப்பந் தடுக்கும் பூச்சும் மாறும். ஆதலின் வண்டியின் 17 எழுத்தும் எண்ணுங் கொண்ட அடிச்சட்ட அடையாளத்தைக் கொண்டே கண்ணாடியை வருவித்தல் முறை.

அடுத்தது துப்புரவு. மணிகளை உறிஞ்சுகருவியால் உறிஞ்சியெடுத்தல் வேண்டுமேயன்றிக் காற்றைப் பீச்சித் தள்ளுதல் கூடாது. தள்ளிய மணிகள் தண்டவாளத்தின் உட்புறத்தும் நீர் வடியும் துளைகளிலும் போய்த் தங்கும். உட்கூரைத் துணியைத் தாழ்த்தவேண்டின், மின்கலத் தொடர்பை நீக்கிச் சிறிது பொறுத்தே தொடங்குதல் வேண்டும்; வண்டிகள் பலவற்றில் மேற்பக்கங்களில் திரைபோல் விரியும் காற்றுப்பைகள் அடங்கியுள்ளன.

கூரைக் கண்ணாடி பெரும்பாலும் இரு பகுதியினது. முன்பகுதி நகர்வது, பின்பகுதி நிலைத்தது. நகரும் பகுதி பெரும்பாலும் இருமருங்கும் திருகாணிகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றிப் புதியதை வைத்து, மட்டம் பார்த்து முடுக்குவர். கண்ணாடியின் முன்விளிம்பு கூரையின் மட்டத்தோடு ஒத்தோ மயிரிழை தாழ்ந்தோ நிற்றல் வேண்டும். பின்விளிம்பு ஒத்தோ மயிரிழை உயர்ந்தோ நிற்றல் வேண்டும். மாறி நிற்பின் எதிர்க்காற்று விளிம்பிற் புகுந்து ஊளையிடும்.

நிலைத்த பகுதியை மாற்றுதலே அருமையான வேலை. அது யூரித்தேன் என்னும் பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். மெல்லிய கம்பியால் அப்பசையை அறுத்து எடுப்பர். பழைய பசையை வேரோடு சுரண்டாது, 1 அல்லது 2 மில்லிமீட்டர் உயரத்திற்கு விட்டுவைத்தல் தொழிலறிந்தார் வழக்கம். புதுப்பசை பழம்பசையின்மேல் நன்கு பற்றும். சுரண்டுங்கால் வண்ணத்திற் கீறல் விழுந்தால் அவ்விடத்திற்கு உரிய முதற்பூச்சு இடுதல் வேண்டும். இல்லையேல் இரும்பு துருவேறி, பசையின் கீழிருந்தே பிணைப்பை அரித்துவிடும். கண்ணாடியின் ஓரத்தே கரிய பட்டை ஒன்று சுட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். அதனை அழகுக்கென்றே எண்ணுவார் பலர். ஞாயிற்றின் புறஊதாக் கதிர் பசையைக் கெடுக்காமல் மறைக்கும் குடை அதுவேயாம்.

பின்னர் முக்கோண வடிவாகப் பசையை இடையறாது இட்டு, உறிஞ்சுகிண்ணங்களாற் பற்றிக் கண்ணாடியை இருவர் ஒருங்கே இறக்குவர். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 5 மில்லிமீட்டர் கனமும் உடைய கண்ணாடி 12.5 கிலோகிராம் எடையுடையதாகலின், ஒருவர் கையால் நேரே இறக்குதல் அரிது. யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு, புறத்தினின்று அகம் நோக்கி இறுகுவது. வறண்ட குளிர்நாளில் மெல்ல இறுகும். எத்துணை நேரம் பொறுத்தபின் வண்டியைச் செலுத்தலாமெனப் பசையின் உறையிற் குறித்திருப்பர். உடையவர் அவசரப்படினும் தொழிலாளி அதனைக் குறைத்தலாகாது. அதுவரை பக்கச் சாளரமொன்றைச் சிறிது திறந்து வைத்தல் வேண்டும். அன்றேற் கதவை அடைக்குங்கால் உட்காற்று நெருக்குண்டு கண்ணாடியைத் தள்ளும்.

இப்பசையின் பெருமையை உணர்த்த ஒரு நிகழ்ச்சியே சாலும். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தார் அமெரிக்காவில் 2001 முதல் 2011 வரையுள்ள மாதிரிகளில் 7,40,000-க்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க முற்பட்டனர். கண்ணாடி உடைதல் பற்றியன்று. கண்ணாடியைச் சட்டத்தோடு பிணைத்த ஒட்டு காலப்போக்கில் நலிந்து, செல்லும் வழியிலே கண்ணாடி கழன்று பறக்கக்கூடும் என்பது பற்றியே.

இறுதியாக இரு சோதனைகள் உள. கூரையின் நீர்காப்பு இரப்பர் விளிம்பாலேயே முற்றும் நிகழ்வதன்று. விளிம்பைக் கடந்து புகும் நீரைத் தாங்க அடியில் ஒரு தொட்டிபோன்ற சட்டமும், அதன் மூலைகளினின்று தூண்களினூடே இறங்கும் குழாய்களும் உள. ஒவ்வொரு மூலையிலும் சிறிது நீர் விட்டு, அது வண்டியின் கீழே வடிகின்றதா என நோக்குதல் வேண்டும். அடைப்பு இருப்பின் நீர் உட்புறம் இறங்கித் தரைவிரிப்பை நனைத்து மின்கம்பிகளைக் கெடுக்கும். மற்றையது, மோட்டாருக்குப் புதிய கண்ணாடியின் எல்லைகளைக் கற்பித்தல். உரிய பொத்தானை விடாது அழுத்தி, முழுதும் திறந்து மூடச் செய்வர். இதனைச் செய்யாவிடின், இடையிற் கை அகப்பட்டால் தானே பின்வாங்கும் காப்பு சரிவர இயங்காது. ஐக்கிய நாடுகளின் 21-ஆம் விதிப்படி, தானே மூடும் கூரை 100 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையால் நெருக்குதல் கூடாது. சிறு குழந்தையின் விரலுக்கு இவ்வெல்லையே காவல்.

முடிவுரை

இங்ஙனம் நோக்குமிடத்து, இத்தொழிலின் சிறந்த பகுதியெல்லாம் கண்ணுக்குப் புலனாகாதன என்பது தெளிவாம். விளிம்பின் கீழே இட்ட முதற்பூச்சையும், பொறுத்திருந்த நேரத்தையும், மூலையில் விட்டுப் பார்த்த நீரையும் உடையவர் காணார். பளபளக்கும் கண்ணாடி ஒன்றையே காண்பர். செவ்விய வேலையும் சோம்பிய வேலையும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். மழையும் வேகமும் வந்தபின்னரே வேறுபடும். ஆதலின் வண்டியுடையார் கூலியைப்பற்றி வினவுமுன், எப்பசை இடுவீர், எத்துணை நேரம் பொறுப்பீர், நீர் வடிதலைப் பார்த்தீரோ என்னும் மூன்றையும் வினவுவாராக. வினவுவார் உளராயின், காண்பாரின்றியும் நன்கு செய்யும் தொழிலாளர்க்கு மதிப்பு உயரும். அக்கூரையின் கீழ் அமர்வார்க்கும் அச்சம் குறையும்.