பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் கையெழுத்து

2009 நவம்பரில் நெகிரி செம்பிலான் பந்தாட்டக் குழு மலேசியக் கிண்ணத்தை வென்றது. அதற்கு முன் அந்தக் கிண்ணம் எங்கள் மாநிலத்துக்கு வந்தது 1948-இல். இடையில் 61 வருஷம். ரந்தாவ் பக்கம் லின்சம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா அந்த இடைவெளிக்குள்தான் பிறந்தார், ரேடியோவில் காதை வைத்து ஆட்டம் கேட்டார், போயும் சேர்ந்தார். கிண்ணம் வராத அத்தனை வருஷமும் மஞ்சள் சட்டை போட்டு யாரோ ஆடிக்கொண்டுதானே இருந்தார்கள்? அவர்கள் யார் என்று தேடத் தொடங்கியதில் வந்ததுதான் என் கையெழுத்துச் சேகரிப்பு.

ஷுக்கோர் அடான், இரட்டையர்களான ஐடில் சஃபுவான், சக்குவான் அட்ஹா, நம் எஸ். குணாளன் இவர்களுடைய கையெழுத்து சிரம்பானில் பல வீடுகளில் இருக்கும். நான் சேர்ப்பது மற்றவர்களுடையது. சீசன் முழுக்கப் பெஞ்சில் இருந்த இரண்டாவது கோல்கீப்பர், ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே விடப்பட்டவர், இளையோருக்கான பியாலா பிரெசிடென் போட்டியில் ஆடிவிட்டு மேலே போக முடியாமல் நின்றுபோன பையன். பத்திரிகை கோல் அடித்தவர் பெயரைப் போடும். சிவப்பு அட்டை வாங்கியவர் பெயரைக்கூடப் போடும். இவர்களைப் போடுவதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பட்டியலில் நிறைய. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல், ஒரு குழு. பெரட்டு (காலை ஆள் கணக்கு) முடிந்து, மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு, சாயங்காலம் வெறுங்காலோடு பந்து. லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், லாபு என்று தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். அதில் கண்ணில் பட்டவர் மாவட்டத்துக்கு ஆடுவார், அங்கிருந்து மாநிலத் தேர்வுக்குப் போவார். 1989-இல் அரைத்தொழில்முறை லீக் வரும்வரை பந்தாட்டம் இங்கே பெரும்பாலானவர்களுக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்ததில்லை. பொதுப்பணி இலாகாவிலோ மின்சார வாரியத்திலோ போலீசிலோ வேலை, வேலை முடிந்து பயிற்சி. 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன் போன்றவர்களை நாடே அறியும். அவர்கள் காலத்தில் அவர்களோடும் அவர்களை எதிர்த்தும் ஆடிவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போனவர்களை அவர்களுடைய தோட்டம் மட்டும்தான் அறியும். அந்தத் தோட்டங்களும் இன்று பழையபடி இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயத்து ஜனம் சிதறிப்போனது.

நான் தையல்காரி. தாளை நம்பமாட்டேன். நம் ஊர் ஈரத்தில் பத்திரிகைத் தாள் பழுத்து உதிரும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். ஆட்ட டிக்கெட்டில் வாங்கலாம் என்றால், இப்போதைய டிக்கெட் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புத் தாள். ரெண்டு மூன்று வருஷத்தில் தேதி, எதிரணிப் பெயர் எல்லாம் மறைந்து கையெழுத்து மட்டும் தனியாக நிற்கும். யார் போட்டது, எந்த ஆட்டம் என்று தெரியாத கையெழுத்தை வைத்து என்ன செய்வது?

அதனால் கைக்குட்டை அளவில் மஞ்சள் பருத்தித் துணி வெட்டி, துவைத்து, கஞ்சி போட்டு அயன் பண்ணி வைத்திருப்பேன். கஞ்சி போட்ட துணியில் மை அவ்வளவாகப் பரவாது. அட்டை மேல் வைத்து நீட்டினால் பந்துமுனைப் பேனாவே எழுதும். வீட்டுக்கு வந்ததும் வளையத்தில் மாட்டி, மைக்கோட்டின் மேலேயே சிவப்பு நூலால் பின்தையல் போடுவேன். மை வெளுத்தாலும் நூல் நிற்கும்.

ஊசியோடு ஒரு கையெழுத்தைப் பின்தொடர்ந்து போனால், அதை எழுதிய கை புரிகிறது. நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகியவர் கையெழுத்து ஒரே சுழி, எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று ஊசிக்குப் பிடிபடாது. யாருமே கேட்டிராத ஆட்டக்காரர் முழுப் பெயரையும் எழுதுவார், அப்பா பெயரின் முதலெழுத்து உட்பட. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைப்பார். தைக்க அதிக நேரம் ஆகும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பாரோய் ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் நட்சத்திரங்களைச் சுற்றி நிற்கும். நான் குழுவின் பஸ் பின்வாசல் பக்கம் நிற்பேன். ஆடாதவர்கள் குளிக்க வேண்டியதில்லை, சீக்கிரம் வந்துவிடுவார்கள். மலாய்ப் பையன்கள் "கக்" (அக்கா) என்று கூப்பிட்டுத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நம் பையன் ஒருவன் பேனாவை வாங்காமலே, "அக்கா, யாருன்னு நெனச்சு என்கிட்ட கேட்கறீங்க?" என்றான். அவன் சட்டை நம்பரையும் போன மாதம் எந்த ஆட்டத்தில் யாருக்குப் பதிலாக இறங்கினான் என்பதையும் சொன்னேன். உடனே துணியை வாங்கிக்கொண்டான்.

2009 முதல் 2011 வரை நாட்டில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. அந்த மூன்று வருஷத்தில் நெகிரி இரண்டு மலேசியக் கிண்ணமும் ஒரு எஃப்.ஏ. கிண்ணமும் வென்றது. எல்லாமே உள்ளூர்க் கால்கள். உள்ளூரில் ஆட ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த மூன்று வருஷத்தைத்தான் காட்டுவேன். பிறகு தரமிறங்கி, கே. தேவன் பயிற்சியில் மேலே ஏறி, 2022 சூப்பர் லீக்கில் நான்காவதாக வந்தோம். அந்த வருஷத்துப் பெஞ்சும் என்னிடம் இருக்கிறது.

பழையவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கோயில் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் திரும்பி வரும்போது விசாரிப்பேன். 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் மரண அறிவித்தல்களில்கூடத் தேடியிருக்கிறேன். அப்படிக் கிடைத்த ஒரு ரிசர்வ் கோல்கீப்பருக்கு இப்போது எழுபதுக்கு மேல். பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து, "தேதி எதும்மா போடறது? இன்னைக்கா, ஆடுன வருஷமா?" என்று கேட்டார். ரெண்டையும் போடச் சொன்னேன்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் பழைய தோட்டத்துக் குழுப் படம் இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பின்பக்கம் பெயர்களை எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறும். நிற்பவர்கள், உட்கார்ந்தவர்கள், இடமிருந்து வலம், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, ஏனென்றால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். தோட்டமும் வருஷமும் வேண்டும். கோல்கீப்பர் இரண்டு பேர் இருந்தால், யார் ரிசர்வ் என்பதையும் குறியுங்கள்.