கரைக்கும் மருந்து யாருக்கு?

இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குத் திடீரென மூச்சு இரைக்கிறது, நெஞ்சு வலிக்கிறது. வாயுத்தொல்லை என்று சோடா கொடுப்பவர்கள் உண்டு. மாரடைப்போ என்று அஞ்சுபவர்களும் உண்டு. காலின் ஆழ்சிரையில் உறைந்த ரத்தம் பெயர்ந்து, நுரையீரல் தமனியை அடைத்திருக்கலாம் என்ற எண்ணம் அரிதாகவே எழுகிறது.

அடைப்பு பெரிதானால் முதலில் தோற்பது இதயத்தின் வலது கீழறை. மெல்லிய சுவர் கொண்ட அந்த அறை குறைந்த அழுத்தத்துக்கே பழகியது. அது திணறினால் இடப்பக்கத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. எனவேதான் இத்தகைய நோயாளி வந்ததும் என் கண் முதலில் ரத்த அழுத்தக் கருவியை நாடுகிறது.

சந்தேகம் வலுவாக இருந்து, ரத்தக்கசிவு ஆபத்தும் இல்லையென்றால், சி.டி. ஸ்கேனுக்குக் காத்திராமல் ஹெபாரினைத் தொடங்கிவிட வேண்டும். அது கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடலே மெதுவாகச் செய்துகொள்ளும். 1960இல் பாரிட், ஜோர்டன் என்ற பிரிட்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஹெபாரினும் உறைவுத்தடுப்பு மாத்திரையும் பெறாத 19 பேரில் 5 பேர் இந்த அடைப்பால் இறந்தனர். பெற்ற 16 பேரில் அடைப்பால் ஒருவரும் இறக்கவில்லை. மருந்தை மறுப்பது தகாது என்று ஒப்பீட்டை அத்துடன் நிறுத்திவிட்டார்கள்.

“கட்டியை உடனே கரைக்க ஊசி இருக்கிறதாமே, ஏன் போடவில்லை?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் போன்றவை நுரையீரலில் மட்டும் வேலை செய்வதில்லை. மூளையிலும் ரத்தம் கசியச் செய்யலாம். ரத்த அழுத்தம் சீராக இருந்தும் வலது கீழறை திணறிக்கொண்டிருந்த ஏறத்தாழ 1,000 பேரிடம் டெனெக்டிபிளேஸைச் சோதித்த ‘பெய்த்தோ’ ஆய்வு 2014இல் வெளியானது. ரத்த ஓட்டம் நிலைகுலைவது குறைந்தது. பக்கவாதமும் கடும் ரத்தக்கசிவும் கூடின.

ஆகவே, மேல் அழுத்தம் 90க்குக் கீழே இறங்கி மீளாதவருக்கே பொதுவாக அந்த ஊசி, அவருக்குத் தாமதிக்கலாகாது. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் போன்று ஊசி ஒவ்வாதவர்களுக்கு, வசதியுள்ள மருத்துவமனைகளில் வடிகுழாய் செலுத்தியோ மார்பைத் திறந்தோ கட்டியை அகற்றுகிறார்கள். மற்றவர்களை ஹெபாரினோடு விழிப்பாகக் கண்காணிக்கிறோம். அழுத்தம் சரியத் தொடங்கினால் முடிவும் மாறும்.

மூச்சுத்திணறலோடு வருபவரை அழைத்துவரும் குடும்பத்தாரிடம் நான் கேட்பவை சில: அண்மையில் அறுவைச் சிகிச்சையோ பிரசவமோ நடந்ததா, நெடுநாள் படுக்கையில் இருந்தாரா, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? இவற்றை நான் கேட்பதற்கு முன்பே, வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதே சொல்லிவிடுங்கள்.