விடத் தெரிந்த காந்தம்

உருக்காலைகளில் பழைய இரும்பை அள்ளும் சில கிரேன்களில் கொக்கி இருக்காது. கனத்த வட்டத் தட்டு ஒன்றுதான் தொங்கும். ஒரு குவியலையே கவ்வி எடுத்துப் போய், வேண்டிய இடத்தில் சடசடவென்று உதிர்த்துவிடும். அது தூக்குவதைவிட உதிர்ப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சாதாரணக் காந்தத்துக்குப் பிடிக்கத்தான் தெரியும். இந்தத் தட்டு மின்காந்தம்; மின்சாரம் நின்றால் விட்டுவிடும்.

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. ஒற்றைக் கம்பியின் புலம் மெலிந்தது. சுருளாகச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று வலுச் சேரும். உள்ளே இரும்பை வைத்தால் பன்மடங்காகும்.

அதைச் செய்துகாட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன். சிறுவயதில் செருப்புத் தைக்கப் பழகியவர், பிறகு படைவீரர். அறிவியலைத் தானே படித்துக்கொண்டார். லாடம்போல் வளைத்த இரும்பு, எடை 200 கிராம்தான். அதற்கு வார்னிஷ் பூசி, செப்புக் கம்பியை 18 சுற்றுச் சுற்றினார். அது நாலு கிலோவைத் தாங்கியது. மின்சாரத்தை நிறுத்தியதும் விட்டுவிட்டது.

ஏன் விடுகிறது? இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுக்கள் ஒரே திசை பார்த்துக் கூட்டங்கூட்டமாக நிற்கும். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் திசை வேறு. ஒன்றின் இழுப்பை மற்றொன்று அழித்துவிடுவதால் ஆணி வெறும் ஆணியாகக் கிடக்கிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்தால், புலத்தின் திசையில் நிற்கும் கூட்டங்கள் மற்றவற்றைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு பெருகும். மின்சாரம் நின்றதும், தேனிரும்பில் அந்த ஒழுங்கு பெரும்பாலும் கலைந்துவிடும். கடின எஃகில் எளிதில் கலையாது. அதனால்தான் அந்நாளில் நிரந்தரக் காந்தத்துக்கு எஃகு, மின்காந்தத்துக்குத் தேனிரும்பு.

ஸ்டர்ஜனின் கம்பி உறையில்லாதது. அதனால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு உறை போட்டார். அப்புறமென்ன, நெருக்கி, அடுக்கடுக்காகச் சுற்றலாம். 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தாங்கியது!

பள்ளிக்கூட மின்சார மணியும் இதே வித்தைதான். காந்தம் சுத்தியலை இழுக்கும், இழுத்த கணமே மின்சுற்று அறுபடும், விடும், மறுபடி இழுக்கும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்து பாருங்கள். மோட்டார் வைண்டிங் கடையில் பூச்சுள்ள செப்புக் கம்பி கொஞ்சம் வாங்கி, மூன்று அங்குல ஆணியில் ஐம்பது சுற்றுச் சுற்றுங்கள். கம்பியின் முனைகளில் பூச்சைச் சுரண்டிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியில் தொட்டால் குண்டூசிகள் ஒட்டும். கம்பி சூடேறும், சில விநாடிகளில் எடுத்துவிடுங்கள். சுவர் பிளக்கில் மட்டும் ஒருபோதும் இணைக்காதீர்கள்.