ஒரு சொட்டுக்கும் குறைவு

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் மரக்கூண்டில் ஒரு வெள்ளை முயல் இருந்தது. ஒரு மார்கழியில் அது ஓயாமல் தலையை உதறியது. காதுக்குள் பார்த்தால், பணியாரக் குழியில் அடிப்பிடித்த மாவுபோல அடுக்கடுக்காகப் பழுப்புப் பொருக்கு. அப்பத்தா வேப்பெண்ணெய் தேடினார். நான் பொருக்கைப் பிய்த்தேன். முயல் அலறியது. முயலுக்குக் குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

பிய்த்திருக்கவே கூடாது, அடியில் இருப்பது பச்சைப் புண். பொருக்குக்குள் குடியிருப்பது சோரோப்டஸ் என்னும் சொறிப்பூச்சி. சிலந்திக்கு உறவு, எட்டுக்கால், அரை மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிது. தோலுக்குள் புகாமல் மேலேயே இருந்து, கசியும் நீரைக் குடித்துப் பெருகும். மூக்கிலும் கால்விரலிலும் பொருக்குக் கட்டினால் அது பெரும்பாலும் சார்கோப்டஸ்; தோலுக்குள் வளை தோண்டும், தூக்கிக் கொஞ்சுகிறவர் கையையும் சில நாள் அரிக்க வைக்கும்.

இரண்டுக்கும் மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானின் இட்டோ நகரப் பக்கத்து மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரியே அதன் மூலம். அதன் ஆற்றலைக் கண்டவர் வில்லியம் கேம்பெல். கால்நடை மருந்தாக 1981இல் வந்தது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு. இந்த மருந்து பூச்சியின் நரம்பில் குளோரைடு வாயில்களை மூடவிடாமல் செய்து அதை முடக்கும். பாலூட்டியின் மூளைக்குள் எளிதில் நுழையாது. அளவு மீறினால் நுழையும்.

அந்த அளவுதான் என் கவலை. கடையில் விற்கும் 1 சதவீத ஊசிமருந்தை மாட்டுக்கு 50 கிலோ எடைக்கு 1 மில்லி போடுவார்கள். அதே கணக்கில் 2 கிலோ முயலுக்கு 0.04 மில்லி, ஒரு சொட்டுக்கும் குறைவு. கண்ணளவில் அரை மில்லி ஏற்றினால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எனவே முயலைத் தராசில் நிறுத்து, மாட்டாஸ்பத்திரி மருத்துவர் கையால்தான் போடவேண்டும். மருந்து முட்டைகளை அழிக்காது. அதனால்தான், பொரிந்தவை வளர்ந்து முட்டையிடும் முன், பத்துப் பதினான்கு நாளில் அடுத்த ஊசி. பொருக்கு தானாக உதிர்ந்துவிடும்.

நாய்க்கு முதுகில் விடும் ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகவே ஆகாது. வலிப்பு வந்து சாகவும் கூடும். மண்ணெண்ணெயும் புகையிலைத் தண்ணீரும்கூட ஆகாது. முயல் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே போனதை வாந்தியெடுக்க அதனால் முடியாது.

முயலை விட்டு இறங்கிய பூச்சி, குளிர்ந்த ஈர இடத்தில் இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்கும். கூண்டில் விரித்திருந்த சாக்கை அப்பத்தா கொல்லையில் எரித்தார். கூண்டைக் கொதிநீரில் கழுவி, முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தோம்.